சுவரில் யார்?

ஒரு வாரிசுச் சான்றிதழுக்காக ஓர் அரசு அலுவலகத்துக்கு நாலு முறை அலைய வேண்டியிருந்தது. எந்த ஊர், எந்த ஆபீஸ் என்பதெல்லாம் வேண்டாம். எல்லா ஊரிலும் அதே ஆபீஸ்தான். நாலாவது முறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, வேறு வேலையில்லாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் வரிசையாக நாலு சாமி படங்கள். நடுவில் இருந்த பெரிய படத்துக்கு மேலே சிவப்பு சீரோ வாட்ஸ் பல்பு. போன வாரத்துக் கதம்பம் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மாலைக்குப் பின்னால் ஒரு தகரப் பலகை. கழுத்தை வளைத்துப் படித்தேன். லஞ்சம் கேட்டால் எங்கே புகார் செய்ய வேண்டும் என்கிற பலகை. போன் நம்பர் இருந்த இடத்தை மாலை மறைத்திருந்தது.

சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். பர்தா அணிந்த ஒரு அம்மா. மடியில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் இறப்புச் சான்றிதழ். அவரும் அதே சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. ஆனால் ஐம்பது வருஷமாக இந்த மாதிரி ஆபீஸ்களுக்குப் போய் வந்திருக்கிற நான், அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தச் சுவரைப் பக்கத்து இருக்கையிலிருந்து பார்க்க முயற்சி செய்தேன்.

'ஆரம்பிச்சுட்டாரு' என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டுவதற்குள் ஒரு விஷயம். நான் நாத்திகன் இல்லை. என் வீட்டில் பூஜை அறை இருக்கிறது. வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுகிறோம். அது என் வீட்டுச் சுவர். அங்கே யாரை மாட்டுவது என்று முடிவு செய்ய எனக்கு உரிமை உண்டு. தாலுகா ஆபீஸ் சுவர் என்னுடையது இல்லை. அந்த அதிகாரியுடையதும் இல்லை. அது அந்த அம்மாவுக்கும் சேர்த்துக் கட்டிய சுவர். நான் கட்டிய வரியும் அவர் கட்டிய வரியும் கலந்த செங்கல்.

இதைச் சொன்னால் உடனே நாலு பதில்கள் வரும். நாலையும் பார்த்துவிடலாம்.

*

முதல் பதில்: 'சும்மா ஒரு படம் சார், அது யாரை என்ன செய்யுது?'

அமெரிக்காவில் அலபாமா மாநிலம். அங்கே தலைமை நீதிபதியாகத் தேர்தலில் ஜெயித்து வந்தவர் ராய் மூர். 2001 ஜூலை 31 அன்று இரவு, மான்ட்கோமரி நகரில் உள்ள நீதித் துறைக் கட்டடத்தின் நடுக்கூடத்தில் ஒரு கிரானைட் கல்லைக் கொண்டுவந்து இறக்கினார். எடை சுமார் 2,400 கிலோ. அதன் மேல் பைபிளின் பத்துக் கட்டளைகள். கூட இருந்த நீதிபதிகளுக்குக்கூட முன்கூட்டியே சொல்லவில்லை.

அந்த நீதிமன்றத்துக்கு வந்துபோகும் வக்கீல்கள் மூன்று பேர் வழக்குப் போட்டார்கள். அவர்களுடைய மனக்குறை எளிமையானது: வேலைக்கு வரும்போதெல்லாம், 'நீ இந்த இடத்துக்கு அந்நியன்' என்று அந்தக் கல் எங்களுக்குச் சொல்கிறது.

இந்த வழக்கில் வெளியே வந்த ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கறுப்பின மக்கள் பிரதிநிதி ஒருவர், அதே கூடத்தில் மார்ட்டின் லூதர் கிங்கின் புகழ்பெற்ற உரைக்கும் ஒரு நினைவுச் சின்னம் வைக்கலாமா என்று கேட்டார். மூர் முடியாது என்றார். நாத்திகர்கள் தங்கள் சின்னத்தையும் வைக்கக் கேட்டார்கள். அதற்கும் முடியாது. 'சும்மா ஒரு கல்' என்றால் இன்னொரு கல்லுக்கும் இடம் இருந்திருக்க வேண்டுமே? சும்மா இல்லை. இந்த இடம் யாருடையது என்று சொல்கிற பட்டா அது.

2002 நவம்பரில், அந்தக் கல் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூர் மசியவில்லை. 2003 ஆகஸ்டில் சக நீதிபதிகளே சேர்ந்து கல்லை அப்புறப்படுத்தினார்கள். நீதிமன்ற உத்தரவை மதிக்காததற்காக நவம்பரில் மூரின் பதவியே போனது. கதை அதோடு முடியவில்லை. 2012 தேர்தலில் அலபாமா மக்கள் அவரையே மறுபடியும் தலைமை நீதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள்! ஓட்டு எண்ணிப் பார்த்தால் அந்தக் கல் அங்கேதான் இருந்திருக்கும். ஓட்டு எண்ணித் தீர்க்கக் கூடாத விஷயங்கள் சில உண்டு என்பதற்காகத்தான் அரசியல் சட்டம் என்று ஒன்று எழுதிவைக்கிறோம்.

*

இரண்டாவது பதில் இதிலிருந்தே வரும்: 'பெரும்பான்மை மக்களோட சாமிதானே இருக்கும்? இதுல என்ன தப்பு?'

இந்தக் கேள்வியைக் கேட்பவரிடம் நான் திருகோணமலையைப் பற்றிக் கேட்பேன். 2005 மே மாதம், அந்த ஊர் பேருந்து நிலையத்துக்கு அருகே இரவோடு இரவாக ஒரு புத்தர் சிலை முளைத்தது. தமிழர்கள் கொதித்தார்கள். கடையடைப்பு நடந்தது. இங்கே பத்திரிகையில் படித்த நாமும் கொதித்தோம். நியாயமான கொதிப்பு.

ஆனால் யோசித்துப் பாருங்கள். புத்தர் மேல் நமக்கு என்ன கோபம்? அன்பைப் போதித்தவர். நம் மணிமேகலையே அவருடைய சங்கத்தில் சேர்ந்தவள்தானே. இலங்கை முழுக்கக் கணக்கெடுத்தால் பெரும்பான்மை பௌத்தர்கள்தான். பௌத்தத்துக்கு முதன்மையான இடம் என்று அந்த நாட்டு அரசியல் சட்டமே சொல்கிறது. பிறகு ஏன் கோபம் வந்தது? அந்தச் சிலை கும்பிடுவதற்காக வைத்த சிலை இல்லை, 'இது யாருடைய மண் தெரிகிறதா?' என்று கேட்பதற்காக வைத்த சிலை என்று நமக்குப் புரிந்ததால்.

அலபாமா கல்லும் இரவில் வந்தது. திருகோணமலைச் சிலையும் இரவில் வந்தது. பக்தி எதற்காக இருட்டில் வர வேண்டும்?

திருகோணமலையில் புரிகிற விஷயம் திருச்சியிலோ திருநெல்வேலியிலோ புரியவில்லை என்றால், கோளாறு நம் கண்ணில் இல்லை. நாம் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் இருக்கிறது.

இங்கே போலீஸ் ஸ்டேஷன் வளாகத்திலேயே கோயில் இருக்கும் ஊர்கள் எத்தனை? விநாயகர் ஊர்வலப் பாதையில் ஒரு தகராறு என்று வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்க ஒரு முஸ்லிம் வருகிறார். வாசலிலேயே பிள்ளையார், அவருக்கு அர்ச்சனை செய்துகொண்டிருப்பவர் ஏட்டு. இன்ஸ்பெக்டர் நூறு சதவிகிதம் நியாயமானவராகவே இருக்கட்டும். வந்தவர் எப்படி அதை நம்புவார்? நியாயம் இருந்தால் மட்டும் போதாது, இருப்பதாகத் தெரியவும் வேண்டும்.

*

மூன்றாவது பதில் ரொம்ப நல்ல மனசுக்காரர்களுடையது. 'பிள்ளையார், ஏசு, மெக்கா மூணு படத்தையும் சேர்த்து மாட்டிட்டாப் போச்சு. எம்மதமும் சம்மதம்!'

ஆட்டோவிலும் டீக்கடையிலும் அந்த ஒட்டுப் படத்தைப் பார்க்கும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். அது அந்த ஆட்டோக்காரரின் நல்ல மனசு. ஆனால் அரசாங்கம் அதைச் செய்ய ஆரம்பித்தால் கணக்கு உதைக்கும். மகாவீரர் எங்கே? குருநானக் எங்கே? அய்யாவழிக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்? சரி, இந்துக்களுக்குள்ளேயே வாருங்கள். கலெக்டர் ஆபீஸ் சுவரில் லட்சுமியும் வெங்கடாசலபதியும் இருப்பார்கள். சுடலைமாடனையும் இசக்கியம்மனையும் முனியாண்டியையும் எத்தனை ஆபீஸில் பார்த்திருக்கிறீர்கள்? தென்மாவட்டத்தில் பாதிப் பேருக்குக் குலதெய்வம் அவர்கள்தானே! சாமிகளிலும் யார் உள்ளே வரலாம், யார் ஊர் எல்லையிலேயே நிற்க வேண்டும் என்று சுவர் தீர்மானிக்கிறது.

எந்தச் சாமியும் வேண்டாம் என்பவருக்கு எந்தப் படம் மாட்டுவீர்கள்? வெறும் ஆணியா?

*

நாலாவது பதில்தான் படித்தவர்களின் பதில். 'இது மதம் இல்லை, பண்பாடு.'

இத்தாலியில் இதைத்தான் சொன்னார்கள். அரசுப் பள்ளி வகுப்பறையில் சிலுவை தொங்குவதை எதிர்த்து ஒரு தாய் வழக்குப் போட்டார். 2009-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இத்தாலி மேல்முறையீடு செய்தது. 2011-ல் பெரிய அமர்வு, 15-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பை மாற்றிவிட்டது. சிலுவை சுவரிலேயே இருக்கலாம். ஆனால் அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று பாருங்கள். சிலுவை என்பது வரலாற்றின் அடையாளம், பண்பாட்டின் சின்னம் என்று இத்தாலி அரசு வாதாடியது. அது சும்மா இருக்கிற சின்னம், யார் மேலும் பெரிய தாக்கம் இல்லை என்று நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. உண்மையான கிறிஸ்தவனுக்கு இது வெற்றியா? சிலுவை பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை என்று கோர்ட்டில் நிரூபித்துத்தான் அதைக் காப்பாற்ற முடிந்தது!

2018-ல் ஜெர்மனியின் பவேரியா மாநில அரசு, அரசுக் கட்டடங்களின் வாசலில் சிலுவை மாட்டச் சொல்லி உத்தரவு போட்டது. அதையும் பண்பாட்டு அடையாளம் என்றுதான் சொன்னார்கள். எதிர்த்தவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? நாத்திகர் சங்கத் தலைவர் இல்லை. கத்தோலிக்க கார்டினல் மார்க்ஸ். சிலுவையை அரசாங்கத்தின் அடையாள அட்டையாக ஆக்கினால் சிலுவைக்குத்தான் அவமானம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

'அப்படியானால் தமிழ்நாடு அரசு முத்திரையில் இருக்கிற கோபுரம்?' என்று நீங்கள் மடக்கலாம். நல்ல கேள்வி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். தேசிய முத்திரையில் இருக்கும் அசோகரின் சிங்கங்களுக்கும் பௌத்தத்தோடு தொடர்பு உண்டு. அரசியல் சட்டத்தின் கையெழுத்துப் பிரதியிலேயே நந்தலால் போஸ் குழுவினர் வரைந்த ராமர், நடராஜர், புத்தர், அக்பர் எல்லோரும் இருக்கிறார்கள்.

இதற்கு என்னிடம் ஒரு எளிய பரிசோதனை இருக்கிறது. கற்பூரப் பரிசோதனை. அந்தப் பொருளுக்கு முன்னால் யாராவது கற்பூரம் காட்டுகிறார்களா? ஃபைலின் தலைப்பில் அச்சிட்ட கோபுரத்துக்கு யாரும் தேங்காய் உடைப்பதில்லை. அது கலை, வரலாறு. மாலையும் பல்பும் ஊதுபத்தியும் வந்துவிட்டால் அது வழிபாடு. வழிபாட்டுக்கு இடம் ஆபீஸ் இல்லை.

இதே பரிசோதனையை டெல்லியிலும் செய்யலாம். அலகாபாத் மியூசியத்தில் இருந்தவரை செங்கோல் ஒரு வரலாற்றுப் பொருள். 2023 மே 28 அன்று ஹோமம் வளர்த்து, ஆதீனங்கள் சூழ, பிரதமர் அதற்குமுன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, சபாநாயகர் நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுவியபோது அது வேறு பொருளாகிவிட்டது. தமிழகத்திலிருந்து போன செங்கோல் என்று நாம் பெருமைப்பட்டுக்கொண்டதில் இதைக் கவனிக்க மறந்துவிட்டோம்.

*

ஆயுத பூஜைக்கு வருவோம். அரசு அலுவலகங்களில் அதைத் தடுக்கக் கோரிய வழக்கை 2011-ல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒரு தனிமனிதர் தான் வேலை செய்யும் இடத்துக்கும் கருவிகளுக்கும் மரியாதை செலுத்துவதால் மதச்சார்பின்மை கெட்டுவிடாது என்பது தீர்ப்பின் சாரம். தனிமனிதரைப் பொறுத்தவரை எனக்கும் இதில் சண்டை இல்லை. ஒருவர் தன் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் நடப்பது தனிமனித பூஜையா? செக்ஷன் செக்ஷனாக வசூல். மத்தியானத்துக்கு மேல் கவுன்ட்டர் மூடல். வாசலில் வாழைக்கன்று, நடுரோட்டில் உடைத்த பூசணிக்காய். எனக்குத் தெரிந்த ஒரு கிறிஸ்தவ ஊழியர் வருஷா வருஷம் பணம் கொடுக்கிறார், சிரித்துக்கொண்டே பொரியும் வாங்கிக்கொள்கிறார். 'உங்களுக்கு ஆட்சேபம் இல்லையா?' என்று கேட்டேன். 'கொடுக்கலைன்னா அடுத்த நாள்லேர்ந்து நான் வேற ஆளாயிடுவேன் சார்' என்றார். தன் மதத்துக்காக அவர் அந்த ஆபீஸில் எதையும் கேட்டதில்லை. வேற ஆளாக ஆகாமல் இருக்க மட்டும் வருஷா வருஷம் பணம் கட்டுகிறார்.

அரசையும் மதத்தையும் பிரிக்கிற சுவர் என்கிற பேச்சு எங்கிருந்து பிரபலமானது தெரியுமா? 1802-ல் அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சன் எழுதிய ஒரு கடிதத்திலிருந்து. அதை எழுதியது நாத்திகர்களுக்கு இல்லை. கனெக்டிகட் மாநிலத்தில் வாழ்ந்த பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்களுக்கு. அந்த மாநிலத்தில் இன்னொரு கிறிஸ்தவப் பிரிவு அரசின் அதிகாரபூர்வ மதமாக இருந்தது. தங்களுடைய மத உரிமை அரசு போடும் பிச்சையாக இருக்கக் கூடாது என்று கவலைப்பட்டவர்கள் பக்தர்கள்தான்.

நம் ஊர் கதையும் அதேதான். 1949 அக்டோபர் 17. அரசியல் நிர்ணய சபையில் முகவுரை விவாதம். அதைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச்.வி.காமத் திருத்தம் கொண்டுவந்தார். கடவுளை ஓட்டுக்கு விடும் சங்கடத்தில் எங்களை மாட்டிவிடாதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி கேட்டுக்கொண்டார். காமத் விடவில்லை. ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 41, எதிர்ப்பு 68. கடவுள் தோற்றார் என்று சொல்லாதீர்கள். எதிர்த்து ஓட்டுப் போட்ட பெரும்பாலோர் வீட்டில் பூஜை செய்கிறவர்கள், தொழுகிறவர்கள். நம்பிக்கையில் கட்டாயம் கூடாது என்று நினைத்தவர்கள். அதனால்தான் முகவுரை 'இந்திய மக்களாகிய நாம்' என்று தொடங்குகிறது. மதச்சார்பற்ற என்கிற சொல்லை 1976-ல்தானே சேர்த்தார்கள் என்று குதிப்பவர்கள் இந்த 41-68 கணக்கை ஒருமுறை படிக்கலாம்.

*

இன்னொரு பக்கத்துக் குழியிலும் விழக் கூடாது. கனடாவின் கியூபெக் மாநிலம் 1936 முதல் சட்டசபையில் தொங்கிய சிலுவையை 2019-ல் இறக்கியது. நல்லது. ஆனால் அதே வருஷம், ஆசிரியர்களும் போலீஸாரும் பணி நேரத்தில் டர்பனோ முக்காடோ அணியக் கூடாது என்று சட்டமும் போட்டது. இது அராஜகம். சுவருக்கு மதம் கூடாது, மனிதனுக்கு இருக்கலாம். கிளார்க்கின் நெற்றி விபூதி, டீச்சரின் முக்காடு, கான்ஸ்டபிளின் கழுத்துச் சிலுவை எல்லாம் அவரவர் உடம்பில் இருக்கிற அவரவர் நம்பிக்கை. 2022-ல் கர்நாடகத்தில் முக்காடு போட்ட மாணவிகளைக் கல்லூரி வாசலிலேயே நிறுத்தினார்கள். அதற்கு மதச்சார்பின்மையைக் காரணமாகச் சொன்னவர்களில் எத்தனை பேர் அரசுக் கல்லூரிச் சுவர்களில் இருக்கும் சரஸ்வதி படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார்கள்? மனிதனுக்குத் தடை, சுவருக்கு அனுமதி. இது தலைகீழ்.

பகுத்தறிவுப் பாரம்பரியம் பேசும் நம் கட்சிகளுக்கும் ஒரு வார்த்தை. அரசு அலுவலகங்களிலிருந்து சாமி படங்களை அகற்றச் சொல்லி 1968-லேயே, அண்ணா முதல்வராக இருந்தபோதே சுற்றறிக்கை போட்டாயிற்று. அதற்குப் பிறகு இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்டிருக்கின்றன. சுற்றறிக்கை ஏதோ ஒரு பீரோவில் இருக்கிறது. அந்த பீரோ மேலும் ஒரு சாமி படம் இருக்கும். மேடையில் பெரியார், ஆபீஸில் பிள்ளையார் என்பதுதான் நம் நடைமுறை. இருவருக்குமே இது மரியாதை இல்லை.

யாரும் படத்தைக் கழற்றி எறிய வேண்டாம். உடைக்கவே வேண்டாம். அதிகாரி அந்தப் படத்தை பத்திரமாக எடுத்துக்கொண்டு போய் தன் வீட்டுப் பூஜை அறையில் மாட்டட்டும். அங்கே தினமும் புதுப் பூ கிடைக்கும். ஆபீஸ் சுவரில் காய்ந்த கதம்பத்தோடு, கீழே நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் கஷ்டமாவது சாமிக்கு மிச்சமாகும்.

காலியான சுவரில் என்ன மாட்டுவது? நிறைய இருக்கிறது. எந்தச் சான்றிதழுக்கு என்ன கட்டணம், எத்தனை நாளில் கிடைக்கும் என்ற பட்டியல். 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டப்படி தகவல் அலுவலர் யார் என்கிற பெயர்ப் பலகை. அந்தத் தகரப் பலகையைப் புதிதாக மாட்ட வேண்டியதுகூட இல்லை. மாலையை எடுத்தால் போதும்.

அந்த அம்மாவும் நானும் அந்த போன் நம்பரைப் படித்துக்கொள்வோம்.